பத்துச் சுற்றும் ஒரு மாலையும்

அன்றைக்கு எனக்கிருந்த வேலை சின்னது. வாலிபர் சங்க விழாவில் சைக்கிள் போட்டி. போய் நின்று பார்த்து, நாலு வரி எழுதி, மதுரை பஸ்ஸில் பத்திரிகைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். திண்டுக்கல் நிருபர் உத்தியோகம் அம்புட்டுத்தான்.

வாலிபர் சங்கத்தில் வாலிபர்கள் குறைவு. ஆகவே நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று தனிப் போட்டி வைத்திருந்தார்கள். மலைக்கோட்டை அடிவாரத்தில் கிளம்பி, நாலு தெருவைச் சுற்றி அங்கேயே வர வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று.

இதைக் காலையில் வீட்டில் சொன்னதுதான் தப்பு. பழனியிலிருந்து என் மச்சினன் பொன்னுச்சாமி வந்திருந்தான். பஞ்சாமிர்தக் கடைக்காரன். இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்.

"ஏனுங்க மாமா, நீங்க ஓட்டலீங்களா?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் பரவாயில்லை. வயிற்றைப் பார்த்துக் கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்.

"இவுக சைக்கிள்ல ஏறவே கல்லு வேணும். இவுக எங்கிட்டு ரேஸ் ஓட்ட?"

உண்மைதான். தாவி ஏறும் வயது போய்விட்டது. வாசல் கல்லில் நின்றுதான் ஏறுவேன். வழியில் இறங்க நேர்ந்தால், அடுத்த கல் வரும்வரை தள்ளிக்கொண்டு போவேன். ஆனால் அதை மச்சினன் முன்னால் சொல்லலாமா? இட்லி ஆறுவதற்குள் போய்ப் பேர் கொடுத்துவிட்டேன்.

மாலையில் அடிவாரத்துத் தண்ணீர்க் குழாய் மேடையில் கால்வைத்து ஏறிக்கொண்டேன். மொத்தம் ஆறு பேர். விசில் ஊதியது. ஐந்து பேர் போய்விட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் சுற்றுக்குள் ஐந்து பேரும் பின்னாலிருந்து வந்து, ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். அதாவது ஒரு முழுச் சுற்று முந்திவிட்டார்கள். கடைசியாகத் தாண்டியவர் சௌகரியமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மச்சினன் இதில் எதையும் பார்க்கவில்லை. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, வழியில் ஒரு ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு, அவன் வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டாவது சுற்று. எனக்குப் பின்னால் தோல் மண்டி காதர் பாய் வந்துகொண்டிருந்தார். அவருக்கு அது பத்தாவது.

பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? முன்னால் நான். பின்னால் காதர் பாய். மற்ற யாரையும் காணோம்.

"எங்க மாமா முன்னாடி வாராருங்கோ" என்று அங்கிருந்த டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டான். கடையே எழுந்து நின்று கைதட்டியது. மறுப்புச் சொல்ல மூச்சு வேண்டும். இருந்த மூச்சை மிதிப்பதற்கு வைத்துக்கொண்டேன். கைதட்டல் பொல்லாதது. காதர் பாய்க்கு ஒரு முழம் முன்னால் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டேன்.

கழுத்தில் மாலை விழுந்தது. நாலு பேர் என்னைச் சைக்கிளோடு தாங்கிப் பிடித்தார்கள். மச்சினன் கண்கலங்கிவிட்டான். அப்போது ஒலிபெருக்கி பேசியது.

"முதல் பரிசு காதர் பாய். மாலை போட்டிருக்கவருக்கு இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்கு."

டீக்கடை உட்கார்ந்துகொண்டது. மச்சினன் என்னைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான்.

"முடிச்சிட்டு வாரேன் மாப்ளே" என்றேன்.

"சரிங்க மாமா. இது வெயில்ல வாடிப் போயிருமுங்க" என்று மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

போட்டி முடிந்ததென்று தெருவைத் திறந்துவிட்டார்கள். சிறுமலை வாழைத்தார் ஏற்றிய மாட்டு வண்டிகளுக்கு நடுவே போனேன். ரேஸ் முடிந்து செத்த நேரம் ஆச்சே, இன்னும் வீட்டுக்குப் போகலையா அப்பு என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார். போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

கடைசிச் சுற்று முடிந்து அடிவாரத்துக்கு வந்தால், வீதியின் குறுக்கே புதிதாக இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். அவற்றுக்கு நடுவே சிலர் சைக்கிளில் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். விலக வழியில்லை. அவர்கள் பின்னாலேயே நானும் ஊர்ந்தேன். இறங்கியிருக்கலாம். ஆனால் குழாய் மேடை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கினால் மறுபடி ஏற முடியாது. மச்சினன் பார்க்கத் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டுவதைவிட ஊரைவிட்டே போய்விடலாம்.

அதனால் மிதித்தும் மிதிக்காமலும், நிற்காமல், விழாமல் ஊர்ந்தேன். முன்னால் இருந்தவர்களில் இருவர் காலை ஊன்றி வெளியேறினார்கள். ஒருவர் சாய்ந்து விழுந்தார். மற்றவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். எல்லாருக்கும் பின்னால் நான் தாண்டினேன். விசில் ஊதியது.

அது மெதுவாக ஓட்டும் சைக்கிள் போட்டி. காலை ஊன்றாமல் கடைசியாக வருகிறவருக்கே பரிசு.

சங்கத்தார் கூடிப் பேசினார்கள். நான் இதற்குப் பேர் கொடுக்கவில்லை என்றார் ஒருவர். ஆனால் கால் ஊன்றவில்லையே என்றார் இன்னொருவர். காதர் பாய்தான் தீர்த்துவைத்தார்.

"குடுத்துருங்கப்பா. சார விட மெதுவா ஓட்ட இந்த ஊர்ல ஆளு கெடையாது."

எவர்சில்வர் கூஜா கிடைத்தது. அதே மாலை மறுபடி கழுத்துக்கு வந்தது. இம்முறை மச்சினன் கழற்றவில்லை.

வீட்டு வாசலில் என் மனைவி கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் போட்டியில் கிடைத்தது என்று தம்பியைக் கேட்டாள்.

"சைக்கிள் போட்டியிலதாங்க்கா" என்றான். பிழைக்கத் தெரிந்தவன்.

அன்று இரண்டு போட்டியிலும் நான்தான் கடைசி. ஒன்றில் அதற்குப் பரிசு கொடுத்தார்கள்.