கப்பல் முளையில் கட்டிய கல்யாணப் பந்தல்

தனியாகச் சாப்பிடுகிறவனிடம் தடித்த புத்தகம் எதையும் கொடுக்கக்கூடாது. பேச ஆளில்லாததால் முழுவதையும் படித்துவிடுவான். பிறகு அதைப் பயன்படுத்த இடம் தேடுவான்.

நான் அப்படிப் படித்தது பாய்க்கப்பல்களைப் பற்றி. இலங்கையில் மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பாடசாலை வாத்தியார், கல்யாணமாகாதவன். (கடலை ஒரே ஒரு முறை திருகோணமலையில் பார்த்தேன். படகில் ஏறி வாந்தி எடுத்தேன்.) தொழிலாளர் லயத்து ஜனங்களில் பாதிப் பேர் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வருவார்கள். முடிந்ததும் "வர்றோம் சேர்" என்று எழுந்துவிடுவார்கள். அதோடு சரி.

1981 ஐப்பசியில் ஆறுமுகம் கங்காணி வந்தார். மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு அவர்களும் புறப்பட இருந்தார்கள்.

"சேர், பந்தலுக்கு ஒரு கை குடுங்க."

வீட்டு ஆள் மாதிரி என்னை ஒருவர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. எப்படியாவது அந்த வீட்டு ஆளாகிவிடத் தீர்மானித்தேன்.

பாய்க்கப்பலில் பல கயிறுகளுக்கு முடிச்சே கிடையாது. துளையிட்ட பலகையில் ஒரு முழ நீள மரமுளைகளைச் செருகி, கயிற்றை எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றுவார்கள். முளையை உருவினால் போதும், கயிறு விட்டுவிடும், பாய் இறங்கிவிடும். நானும் கொய்யா மரத்தில் ஆறு முளைகள் செதுக்கி, பந்தல்காலில் பலகை அடித்து, கூரையாக விரித்த லொறிப் படங்கின் கயிறுகளை அப்படியே சுற்றினேன்.

"முடிச்சு போடலீங்களா?" என்றார் கங்காணி.

"தேவையில்ல. அட்லாண்டிக் புயலையே தாங்கினது."

"அந்தப் புயல் நம்ம பக்கம் வந்ததில்லீங்களே."

கல்யாணத்தன்று காலையில் மழை கொட்டியது. படங்கு தண்ணீரைச் சுமந்து தொந்தி போட்டுத் தொங்கியது. முளைகள் அசையவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது நான் மாலுமியைப் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அதே நேரம் கங்காணியின் தங்கச்சி பாக்கியம், பிளேன்டீக்கு இஞ்சி தட்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். கைக்கு அடக்கமான கட்டை ஒன்று பலகையில் செருகியிருந்தது.

உருவினார்.

புத்தகத்தில் சொன்னபடியே நடந்தது. படங்கு ஒரு பக்கமாக இறங்க, தண்ணீர் மொத்தமும் மணவறையில் விழுந்தது. மாப்பிள்ளை தாலியை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"சேர், ஒங்க கப்பல் முழுகிருச்சு!" கங்காணிதான் முதலில் சிரித்தார்.

பாக்கியம் முளையை ஆட்டிக் காட்டினார். "இஞ்சி ஒலக்கைய யாருங்க பந்தல்ல சொருகுவா?"

நனைந்தபடியே தாலி கட்டினார்கள். எனக்கு முதல் பந்தியில் இலை. "கப்பல்காரரே, இன்னங்கொஞ்சம் ரசம்?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அன்று முழுவதும் நான் அந்த வீட்டு ஆள்.

மறு மாதம் எல்லோரும் இந்தியக் கப்பலைப் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். பாக்கியம் அந்த முளையையும் மூட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பல வருடம் கழித்து, அவர்கள் குடியேறிய நீலகிரிக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார்: அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், தாலி எடுக்கும்போது யாராவது ஒருவர் மேலே பார்த்து, "சேர் கட்டுன பந்தலா, பாத்துக்கங்க!" என்று கத்துவாராம். இஞ்சி தட்டுவதும் அந்த முளையால்தானாம்.

மீதி ஐந்தும் இங்கே என்னிடம் இருக்கின்றன. ஒரு ஆள் தேநீருக்கு ஒன்றே போதும்.