ஆழத்தை மாற்றாத கல்வெட்டு

காலை மணி ஒன்பது பத்து. அலுவலக வாசலில் நான் முதலில் பார்த்தது என் செருப்பை. அது என்னோடு வேலை செய்பவர் காலில் படியேறிக்கொண்டிருந்தது.

"நேத்து என் செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டீங்க" என்றேன்.

"ரெண்டும் எட்டாம் நம்பருங்க. ரெண்டும் பழுப்புங்க. ஒரே கடை. அப்பறம் இதுல உங்களுது எது, என்னுது எதுங்க?"

கொங்கு நாட்டிலேயே எழுதியதை மாற்ற மறுக்கும் ஒரே புரோகிராமர் அவர்தான். ஊரில் மற்றவர்கள் வேலையை மாற்றுவார்கள், கட்சியை மாற்றுவார்கள். அவர் ஓர் எண்ணைக்கூட மாற்ற மாட்டார். அவருக்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்தவன் நான். கேலிக்கு வைத்தேன். முதலாளி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அப்படியே கூப்பிடத் தொடங்கியதில் என் தூக்கம் போயிற்று.

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிக்காரர்களுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. அந்த மாதம் எங்கள் இருவரில் ஒருவரைக் குழுத் தலைவராக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும். அவருக்கு வேண்டுமா என்றே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

டீக்கடையில் ஒருநாள் அவர் சர்க்கரை குறைவு என்றார். கடைக்காரர் கரண்டியோடு வந்தார். கல்வெட்டு டம்ளரைக் கையால் மூடினார்.

"இதுல போடாதீங்க. இது சக்கரை கம்மியான டீ. அது அப்படியே இருக்கட்டும். சக்கரை சரியாப் போட்டுப் புதுசா ஒண்ணு குடுங்க."

"அப்ப இதைய என்னுங்க பண்றது?"

பழைய டீ எனக்கு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்படிச் செய்திருந்தால் திமிர் என்றிருப்பார்கள்.

அவருடைய புரோகிராமும் அந்த டீதான். ஒரு குழியின் ஆழம் அறுநூறு அடி என்று எழுதினால் அந்த அறுநூறு கடைசிவரை அறுநூறுதான். குழி ஆழமானால் புதிய ஆழம் ஒன்றை உருவாக்கி, பழையதை எடுத்துவிட்டு அதை வைப்பார். நான் இருக்கிற எண்ணையே திருத்துவேன். வேலை சீக்கிரம் முடியும்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டு போர்வெல். இரண்டும் அறுநூறு அடி. ஒரே ஆழம்தானே என்று ஒரே பதிவை இரண்டுக்கும் மாட்டிவிட்டேன். பிறகு இரண்டாவது குழியை எண்ணூற்றைம்பதுக்கு இறக்கினார்கள். நான் எண்ணைத் திருத்தினேன். கணினியில் முதல் குழியும் சத்தமில்லாமல் எண்ணூற்றைம்பது அடியாயிற்று. மோட்டார் இறக்கும் ஆட்கள் அதை நம்பிக் குழாய் ஏற்றிப் போனார்கள்.

லாரிக்காரர் போன் செய்தார். "ஏனுங்க, அறுநூறு அடிக் குழியில எண்ணூத்தம்பது அடிக் குழாய எறக்கச் சொல்றீங்களே, மிச்சத்துல நானு கொடி ஏத்தட்டுங்களா? உங்க சாப்ட்வேரே வேண்டாஞ் சாமி."

கல்வெட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். அந்த வேகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ஒரே ஆழத்தை ரெண்டு குழிக்குக் குடுத்தது தப்பில்லைங்க. குடுத்ததுக்கு அப்பறம் அதைத் திருத்துனதுதான் தப்பு."

மதியத்துக்குள் சரிசெய்தார். லாரிக்காரரையும் அவரே பேசிச் சமாதானப்படுத்தினார். நடந்ததை எழுதித் தரும்படியும், பிழை யாருடையது என்று குறிப்பிடும்படியும் முதலாளி அவரிடம் சொன்னார். பதவி யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"மறக்காம என் பேரை எழுதிருங்க" என்றேன், கொஞ்சம் விஷமாக.

"எழுதிட்டனுங்க" என்றார்.

சாயங்காலம் அறிக்கையைப் படித்தேன். பிழை செய்தவர் பெயர் அதில் இல்லை. திருத்தியவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் என்னுடையது.