வெள்ளைத்தாடிக் குருவும் கலியாணக் கசெட்டும்

குலசிங்கத்துக்கு நாற்பத்திமூன்று வயதில் ஒரு குரு கிடைத்தார். குங்ஃபூப் படத்து வெள்ளைத்தாடிக்காரர். தாடி பசையால் ஒட்டியது; கோபம் வந்தால் இடப்பக்கம் கழன்று தொங்கும். அவர் உதைத்து அரை விநாடி கழித்துத்தான் 'டிஷ்' என்று சத்தம் கேட்கும். முதல் சண்டையில் செத்த பன்னிரண்டு பேரும் இரண்டாவது சண்டையில் மீசை வைத்துக்கொண்டு மறுபடி சாக வருவார்கள். அந்த வீடியோக் கசெட்டைக் குலசிங்கம் பத்தொன்பது முறை பார்த்துவிட்டார். விற்ற கடையே மூடிப்போனதால் வேறு பிரதி கிடையாது. யாரும் அதன்மேல் எதையும் பதிந்துவிடக்கூடாது என்று கசெட்டின் முதுகிலிருந்த பிளாஸ்ரிக் காதைத் தன் கையாலேயே முறித்து வைத்திருந்தார்.

அந்தப் படங்கள் அவருக்குப் பிடித்ததில் நியாயம் உண்டு. எட்டு வருடமாகக் கனடாவில் அவர் ஃபோர்ம் நிரப்பிக்கொண்டிருந்தார். குருவின் ஊரில் ஃபோர்ம் கிடையாது. அநியாயம் செய்தவனை வாசலுக்குக் கூப்பிட்டு உதைக்கலாம். உதை வாங்கியவன் கூரைக்கு மேலால் பறப்பான், கோர்ட்டுக்குப் போகமாட்டான். ஃபக்டரியில் சூப்பர்வைசருக்குத் தலையாட்டிவிட்டு டோர்செட் பார்க்கின் ஒன்பதாம் மாடிக்கு ஏறி வருகிறவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! மனைவி யோகராணிக்குத்தான் விளங்கவில்லை.

"உதுவும் ஒரு படமே? தாடி கழண்டு விழுகுது!"

"தாடியைப் பாக்காதையும். நீதியைப் பாரும்."

"நீதி எண்டு காலைத் தூக்கித்தானே போன மாசம் என்ரை மேசை லைட்டை உடைச்சனீங்கள்?"

ஒரு வெள்ளிக்கிழமை வாடகைக் கடையில் புதுப்படம் ஒன்று கிடைத்தது. அகப்பையால் சண்டை போடும் சமையற்காரனின் கதை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரண்மனைக்குப் பின்னால் மின்கம்பம் தெரிந்தது. குலசிங்கம் சொக்கிப்போனார். சனிக்கிழமை ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் பிரதி எடுத்தே தீருவது என்று தீர்மானித்தார். பதிவதற்குப் பக்கத்து வீட்டு அகஸ்ரின் தன் வீடியோ டெக்கை இரவல் தர ஒத்துக்கொண்டார். வெறுங்கசெட்தான் இல்லை.

"யோகம், பிரதீபாவின்ரை கலியாணக் கசெட்டை இனி ஆரும் பாப்பினமே?"

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

பிரதீபா யோகராணியின் ஒரே தங்கச்சி. அஜக்ஸில் இருக்கிறாள். அவளுடைய கலியாணக் கசெட் மூன்று மணித்தியாலம். அதில் ஒரு மணித்தியாலம் சனங்கள் வரிசையில் நின்று என்வலப் கொடுத்துவிட்டுக் கமராவைப் பார்த்து முழிப்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி எல்லாரையும் ஒருமுறை பிடித்து இருத்திக் காட்டியாயிற்று. இரண்டாம் முறை பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் யோகராணி வேலைக்குப் போனதும் ஷோகேஸிலிருந்து கலியாணக் கசெட்டின் பொன்னெழுத்துப் பெட்டியை எடுத்தார். உள்ளே கசெட்டில் பெயர் எதுவும் இல்லை. போட்டுப் பார்க்கவும் இல்லை. என்வலப் வரிசையை மறுபடி பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? அதற்கும் காது முறிந்திருந்தது. அந்த ஓட்டைக்கு மேலே செலோடேப்பை ஒட்டிப் பதிந்து முடித்தார். பிறகு கசெட்டைப் பொன்னெழுத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். அந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை.

பத்து நாளில் அஜக்ஸிலிருந்து ஃபோன் வந்தது.

"இஞ்சாருங்கோ, பிரதீபாவின்ரை பிள்ளை டெக்குக்குள்ளை புட்டைப் போட்டிட்டுதாம். அவளின்ரை கலியாணக் கசெட்டை மெசின் சப்பிப்போட்டுது. எங்கட கசெட்டிலை இருந்து கொப்பி எடுக்க வாற கிழமைக்கு அடுத்த ஞாயிறு வருவினமாம்."

"ஓ... ஓமோ?"

"ஏன் வேர்க்குது உங்களுக்கு?"

"ஹீற்றர் கூடிப்போச்சு."

குலசிங்கம் பயந்தே போனார். மச்சாளின் தாலிகட்டு உலகத்தில் ஒரே ஒரு கசெட்டில் இருந்தது. அதன்மேல் இப்போது ஒரு சமையற்காரன் அகப்பையோடு நிற்கிறான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று மூன்று தரம் வாயெடுத்தார். மூன்று தரமும் "நான் சட்டி கழுவட்டே?" என்றுதான் வந்தது. கழுவினார். கார்பெட்டுக்கு வக்யூம் பிடித்தார். மனைவியின் தூரத்து உறவுக்காரரின் பிறந்தநாளுக்கு ரெக்ஸ்டேல் வரை போய் முழுதும் சிரித்துக்கொண்டே இருந்தார். பிராயச்சித்தமாகக் குங்ஃபூவையே விட்டார். குருவின் பெட்டியைத் தொடவும் இல்லை.

ஞாயிறு வந்தது. பிரதீபாவும் வந்தாள். குலசிங்கம் குசினிக்குள் ஒளிந்துகொண்டு, யாரும் கேட்காமலே வெங்காயம் வெட்டத் தொடங்கினார். ஹோலில் கசெட் உள்ளே போகும் சத்தம் கேட்டது. 'டிஷ்' என்று கேட்கப்போகிறது என்று கண்ணை மூடினார்.

கெட்டிமேளம் கேட்டது.

எட்டிப் பார்த்தார். திரையில் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருந்தார். தாலி, அட்சதை, என்வலப் வரிசை, ஒன்றும் குறையவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த வரிசையைக் குலசிங்கம் ஆசையோடு பார்த்தார். பிரதீபா கசெட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். யோகராணி குசினிக்குள் வந்தாள்.

"யோகம்... உது எப்பிடி?"

"டெக் தாறன் எண்டு அகஸ்ரின் லிஃப்ற்றுக்குள்ளை சொன்னவர். நீங்கள் கலியாணக் கசெட்டை ஆர் பாப்பினம் எண்டு கேக்கிறியள். எனக்கு விளங்காதே? அண்டு ராத்திரியே கசெட்டை மாத்திப்போட்டன்."

"அப்ப ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"வீடு இவ்வளவு துப்பரவாய் இருக்கேக்குள்ளை ஏன் சொல்லோணும்?"

குலசிங்கத்துக்குக் கோபம் வரவில்லை. உயிர் திரும்பி வந்த நிம்மதிதான் வந்தது. நிம்மதியோடு ஒரு சின்னச் சந்தேகமும் வந்தது.

"அப்ப நான் எதுக்கு மேலை பதிஞ்சனான்?"

"வெறும் பெட்டி எண்டால் பிடிச்சிடுவியள். கலியாணக் கசெட்டை உங்கட தாடிக்காரன்ரை பெட்டிக்குள்ளை ஒளிச்சனான். அதுக்குள்ளை இருந்ததைத் தூக்கிக் கலியாணப் பெட்டிக்குள்ளை வைச்சனான்."

பன்னிரண்டு பேரும் ஒரேயடியாக நெஞ்சில் உதைத்தார்கள். சத்தம் அரை விநாடி கழித்துத்தான் வந்தது.

"ஐயோ, என்ரை குரு!"

யோகராணி இன்னும் இரண்டு வெங்காயத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அழுறதெண்டால் இதையும் வெட்டிக்கொண்டு அழுங்கோ."