அரிசி டின்னில் அப்பாவின் கடிகாரம்

தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே கைக்கடிகாரம் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அப்படிப்பட்டவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்யும். எனக்கு நிறையவே வந்தது. (அப்போது எனக்கு மணி பார்க்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.)

அது என் அப்பாவுடையது. மலாயாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் கங்காணி. சாகும்போது தம்பியிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். முகம் மஞ்சளேறி, முள் கறுத்து, கண்ணாடிக்குள் எப்படியோ புகுந்த வெற்றிலைக் கறையோடு, பார்ப்பதற்கு அப்பா மாதிரியே இருக்கும்.

ஒருநாள் அது நின்றுபோனது. அடுத்த வாரம் தம்பி மாணிக்கத்துக்குக் கல்யாணம். அதைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார அவனுக்கு ஆசை.

"அக்கா, டவுன்ல குடுத்து புது முகம், புது முள்ளு போட்டுருவோம்லா. பளபளன்னு இருக்கும்."

"மூஞ்சியையும் மாத்தி முள்ளையும் மாத்திட்டா, அது எந்த அப்பனோட கடியாரம்டா?"

"ஓடாததக் கட்டிக்கிட்டு நான் உக்கார மாட்டேன். கடையில புதுசா வாங்கிக்கிறேன், போ."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு திருகாணிகூட மாற்றாமல் கல்யாணத்துக்குள் ஓட வைக்கிறேன் என்று சவால் விட்டேன்.

மறுநாளே டவுனுக்குக் கிளம்பினேன். பஸ் குலுக்கலில் அடிபடுமே என்று, ஒரு பால்மாவு டின்னில் அரிசியைக் கொட்டி நடுவில் கடிகாரத்தைப் புதைத்தேன்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய எமர்ஜென்சி காலம். காட்டுக்குள் ஒளிந்திருந்த அவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக்கூடாது. எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் டின்னில் இருந்தது என் புத்திக்கு அரிசியாகப் படவில்லை, மெத்தையாகத்தான் பட்டது.

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. முந்தின நாள் என்னிடம் உப்பு வாங்கிப் போனவள், என்னை யாரென்றே தெரியாதவள் மாதிரி மூடியைத் திறந்தாள்.

"அடிப்பாவி! அரிசி!"

"அரிசி இல்லக்கா, கடியாரம்."

"என் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"உள்ள படுத்திருக்குக்கா."

மலாய்க்காரக் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு ஓடிவந்தார். "பெராஸ்! பெராஸ்!" என்று அவர் பாஷையில் அவரும் அரிசி என்றுதான் கத்தினார். விலங்கு, ஜெயில், அக்கா இல்லாத கல்யாணம் எல்லாம் என் கண்முன்னே வந்துபோயின. அப்போதும் வாய் அடங்கவில்லை.

"பாத்து ஐயா! அசல் சாமான்!" என்று தமிழிலேயே அதட்டினேன்.

அவர் டின்னைக் கவிழ்த்தார். அரிசி சரிந்தது. கடைசியாக அப்பா சிமெண்டுத் தரையில் 'டக்'கென்று விழுந்தார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கான்ஸ்டபிள் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தார். முகம் மலர்ந்தது. அஞ்சலை அக்காவும் பிடுங்கிக் கேட்டாள்.

"ஏய், ஓடுதுடி!"

அரிசியைப் பிடித்துவைத்துக்கொண்டு, 'எந்தக் காட்டுக்காரன் கடியாரத்த வேகவெச்சுத் திம்பான்' என்று சிரித்து என்னை வீட்டுக்குத் துரத்தினார்கள். கடிகாரக் கடைக்கு நான் போகவே இல்லை.

மணவறையில் மாணிக்கம் கையைத் திருப்பிப் பார்த்து முணுமுணுத்தான். "கண்ணாடியில புதுசா ஒரு கீறல் இருக்கேக்கா?"

"அதையும் மாத்தக்கூடாது," என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது நின்றுபோனாலும், மின்விசிறியோ மோட்டார் சைக்கிளோ, "அரிசியில போட்டு கேட்டுக்குக் கொண்டு போங்க" என்பார்கள். போன மாதம் டாக்டர் என் முட்டியை மாற்றவேண்டும் என்றார். பேரன் ஓடிப்போய் அரிசி மூட்டையை இழுத்து வந்துவிட்டான்.

"ஏறிப் படுங்க பாட்டி. அசல் சாமானாச்சே!"