இடுப்பில்லாத நடனக்காரர்கள்

சுத்தமாக வேலை செய்கிறவள் என்று பெயர் வாங்கிய ஒருத்தியிடம் அழகான எதையும் நம்பிக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஒருத்தி நான்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் டிசைனராக இருந்தேன். வயது இருபது. (டிசைனர் என்பது நானே வைத்துக்கொண்ட பட்டம். அடையாள அட்டையில் ‘ஹெல்பர்’.) கட்டிங்கில் கழிகிற துணியை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவேலைப் பாக்கெட் செய்ய முதலாளிக்கு ஆசை. வார்லிப் பழங்குடியினர் சுவரில் வரைகிற நடனக்காரர்களையும் மாடுகளையும் துணியில் வெட்டி, பின்னால் பசைத்தாள் ஒட்டிக் கொடுப்போம். பிள்ளைகள் உரித்து அட்டையில் ஒட்டுவார்கள். பள்ளிக்குப் பிடித்துவிட்டால் என்னை நிஜமாகவே டிசைனர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்.

ஓவியத்தின் போட்டோவை வெக்டர் படமாக்குவது என் வேலை. அதாவது, ஓரங்களைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து, வெட்டும் மெஷினுக்குப் புரிகிற கோடாக மாற்ற வேண்டும். வார்லி மனிதனுக்கு உடம்பு இரண்டு முக்கோணங்கள். மேலே ஒன்று தலைகீழாக, கீழே ஒன்று நேராக. இரண்டும் இடுப்பில் சந்திக்கும். வரைந்த பெண்மணி அந்த இடத்தில் அரிசி மாவைக் கொஞ்சம் தாராளமாகவே தீட்டியிருந்தார். எனக்கு அது கைப்பிசகாகத் தெரிந்தது. மூன்று நாள் உட்கார்ந்து, இரு முனைகளும் ஊசிமுனைப் புள்ளியில் தொடும்படி ஒவ்வோர் இடுப்பையும் திருத்தினேன்.

“வரைஞ்சவங்களுக்கே இத்தன நீட்டா வந்திருக்காது கண்ணு” என்றார் முதலாளி. (நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

மண்ணரைப் பக்கம் ஒரு பள்ளியில் செய்துகாட்டினோம். நாற்பது பிள்ளைகள், தலைமை ஆசிரியை, முதலாளி, நான். தாளோடு ஒட்டியிருந்தவரை நடனக்காரர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். பிள்ளைகள் உரித்தார்கள். மேல்பாதி கையோடு வந்தது. கீழ்ப்பாதி தாளிலேயே நின்றுவிட்டது.

ஒரு சிறுமி எழுந்தாள். “மிஸ், எங்க ஆளுக்கு இடுப்பு இல்லீங்க.”

“எங்களுக்கும் இல்லீங்க” என்றது வகுப்பு.

கடைசி பெஞ்சில் ஒருவன் ஒரு மேல்பாதியை மாட்டின் கால்களோடு ஒட்டி, பக்கத்தில் இருப்பவனுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். முதலாளி என் பக்கம் குனிந்தார்.

“ஏனுங்க, கம்ப்யூட்டர்ல நல்லாத்தானுங்க இருந்துச்சு?” (‘கண்ணு’ போய்விட்டதைக் கவனித்தேன்.)

“இப்பவும் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் சார் இருக்கும்.”

இந்தப் பதிலை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

தலைமை ஆசிரியை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுவாரம் என்னை செக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே பிசிறு வெட்டிக்கொண்டிருந்த என் அம்மா முழுக் கதையையும் கேட்டாள். கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“வரைஞ்சவ இடுப்பு வச்சித்தான வரைஞ்சிருக்கா. அத எதுக்குட்டி நீ எடுத்த?”

அம்மா அன்று மாலையே ஊருக்குப் போன் போட்டுச் சொந்தங்களுக்குச் சொல்லிவிட்டாள்.

சில வருடம் கழித்து எனக்கு ஒரு மாப்பிள்ளை போட்டோ வந்தது. எல்லோரும் வேலையையும் உயரத்தையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். “இவருக்கு இடுப்பு இருக்கு. பேசி முடிங்க” என்றாள்.

சங்கரன்கோவிலில் இருக்கும் என் சித்திமார் யாருக்கும் இன்றுவரை என் கணவரின் பெயர் சரியாகத் தெரியாது. “இடுப்புள்ள மாப்பிள்ள சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்பார்கள். அவரும் சாப்பிட்டாச்சு என்பார்.