மைக்செட்டும் பாட்டு பீரியடும்

கிழக்குத் தாம்பரத்தில் அந்த வருஷங்களில் யார் எந்தக் காரியத்தைச் சத்தம் போடாமல் முடிக்க நினைத்தாலும், அதை ஊரறியச் செய்து கெடுப்பதற்கென்றே ஒருவர் பிறந்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், மைக் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தார். அதனால் மைக்செட். அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி.

மேடை போட்டு, மைக் வைத்து, யாருக்காவது பொன்னாடை போர்த்தவில்லை என்றால் அந்தச் சம்பவம் நடக்கவே இல்லை என்பது மைக்செட்டின் கட்சி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் வாலிப வயசிலிருந்து நின்று நின்று, அவருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாதி. அவரோடு பேச வேண்டுமானால் வலது பக்கமாகப் போய்க் கத்த வேண்டும். அவர் எல்லாப் பக்கமும் கத்துவார்.

இந்த மனிதர் என் தலையில் வந்து விடிந்தது எங்கள் பேட்டை அரசுத் தொடக்கப் பள்ளியால். என் மகன் இரண்டாம் வகுப்பு, அவர் மகள் ஒன்றாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கு அதிசயமாக ஒரு பாட்டு டீச்சர் வாய்த்திருந்தார். பழைய சுருதிப்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுகும் பொடிசுகளை எல்லாம் வாய் திறந்து பாட வைப்பார். அவரை உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றப்போகிறார்கள், பாட்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரு நாள் செய்தி வந்தது. பெற்றோர்கள் கொதித்துப்போனோம். நான் அப்போது கிண்டியில் ஒரு கம்பெனியில் கிளார்க். பிழையில்லாமல் மனு எழுதுவேன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட வாசலில். பத்துப் பேர் நின்றபடியே பேசிக் கலைவதாகத் திட்டம். போய்ப் பார்த்தால் தெருவை அடைத்து ஷாமியானா! அதன் கீழே வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். மைக்செட் மைக்கைத் தட்டித் தட்டி, "மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..." என்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பத்துப் பேருக்கு எதுக்கு மைக்கு?" என்று வலது காதில் கத்தினேன்.

"நூறு பேருக்குக்கூட போதும் சார், கவலையே படாதீங்க!"

நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த தெருப் பெரியவர் ஒருவர் கையில் ரோஜா மாலையுடன் வந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டார். "எப்போ எடுக்கிறாங்க?" என்று கேட்டார். யாரும் சாகவில்லை, பாட்டு டீச்சரை மாற்றுகிறார்கள் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மைக்செட் அந்த மாலையை வாங்கி எனக்கே போட்டுவிட்டார்.

அந்தக் களேபரத்திலும் அவர் மகள் அவரை ஒட்டியே நின்றுகொண்டிருந்தாள். மெலிந்த குழந்தை, அதைவிட மெலிந்த குரல். சட்டையை இழுத்து ஏதோ சொல்வாள். அவர் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டுவார். அவள் மறுபடியும் சொல்வாள். அதற்கும் சரிம்மாதான்.

அடுத்தது கல்வி அதிகாரியைப் பார்த்து மனு கொடுப்பது. அமைதியாகப் போய், பணிவாகப் பேசி வரவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அறைக்குள் நுழைந்ததும் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதற்குள், அரக்கு நிறப் பொன்னாடை ஒன்று அவர் தோளில் விழுந்தது. மைக்செட்டோடு வந்திருந்த ஸ்டூடியோக்காரர் போட்டோ எடுத்தார். அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கைகூப்பிச் சிரித்தபடியே மனுவைப் படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வடிந்தது.

"ஒண்ணாங் கிளாஸ் பசங்களுக்குப் பாட்டு எதுக்குங்க? கணக்குல எல்லாரும் வீக். அந்த டைம்ல நாலு கணக்குப் போட்டா பிரயோஜனமா இருக்கும்ல?"

"கணக்கையும் ராகமா சொன்னாத்தான் சார் மண்டைல ஏறுது. எம் பொண்ணு வாய்ப்பாடே பாட்டாத்தான் பாடிக்கினு கீது!" என்று மைக்செட் முழங்கியதில் மேஜை மேலிருந்த கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது.

"முடியாதுங்க. போயிட்டு வாங்க."

இதுவும் மைக்செட்டுக்கு எப்படியோ கேட்டுவிட்டது. நேராகப் போய் அதிகாரி தோளிலிருந்த பொன்னாடையை உருவி, உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் வேற ஒரு ஃபங்ஷன் கீது சார்."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்துவிடாதா என்றிருந்தது.

பிறகு உண்ணாவிரதம் என்று முடிவாயிற்று. காலையிலிருந்து சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர்தான் என்று நான் மைக்கிலேயே அறிவித்தேன். பதினோரு மணிக்கு மெதுவடையும் டீயும் வந்து இறங்கின. மைக்செட்டின் ஏற்பாடு!

"அண்ணா, இது உண்ணாவிரதம்!"

"அதுக்குன்னு? நம்ப ஃபங்ஷன்ல டிபன் இல்லன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது சார்!"

வேண்டாம் வேண்டாம் என்று நான் தடுக்கத் தடுக்க என் கையில் ஒரு வடையைத் திணித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பேட்டைப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். 'இசைக் கல்விக்காக உண்ணாவிரதம்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே நான் வடையும் கையுமாக. எங்கள் மேனேஜர் அதை வெட்டி ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். மாசக்கணக்கில் அங்கேயே இருந்தது.

இதற்குப் பிறகு அவரை ஒதுக்கி வைத்துவிடுவது என்று நாங்கள் முடிவு செய்தோம். அந்த முடிவு அவர் காதில் விழவில்லை.

ஃப்ளெக்ஸ் பேனர் புதிதாக வந்து ஊரெங்கும் முளைத்த காலம் அது. ஒரு காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிறேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஆளுயர பேனரில் கல்வி அதிகாரி பொன்னாடையோடு கைகூப்பிச் சிரிக்கிறார். 'பிஞ்சுக் குழந்தைகளின் இசை வகுப்பைக் காத்த கல்விக் காவலரே! நன்றி! நன்றி!' கீழே வட்டத்துக்குள் என் முகம், 'இவண், செயலாளர்' என்று போட்டு!

அப்படியே வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். "என் போட்டோ அந்த ஆளுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நான்தான் குடுத்தேன். நல்ல காரியத்துக்குன்னு கேட்டாரு" என்றாள் என் மனைவி.

நேரே மைக்செட் கடைக்குப் போனேன். "அண்ணா, அவர் இன்னும் ஒத்துக்கவே இல்லையே! அதுக்குள்ள எதுக்கு நன்றி?"

"செஞ்சப்புறம் நன்றி எல்லாரும்தான் சொல்வான். அதுல இன்னா கீது?"

மத்தியானம் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார். வேலை போகுமா, போலீஸ் வருமா என்று நடுங்கிக்கொண்டே போனேன். அறையில் தட்டு நிறையப் பழம். யாரோ நாலு பேர் அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அதிகாரி என்னை முறைத்தார்.

"காலையிலேர்ந்து போன் மேல போன். எங்க மாமியார் பஸ்ல போகும்போது பாத்திருக்காங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னைப் பாராட்டிப் பேசினாங்க. யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"மன்னிச்சிடுங்க சார். இப்பவே எடுத்துடச் சொல்றேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார்.

"இப்ப எடுத்தா நல்லாவா இருக்கும்?"

அந்த வாரமே உத்தரவு வந்தது. டீச்சர் உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போகிறார், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளிக்கு வந்து சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருவார். கிடைத்தவரை லாபம் என்று நாங்கள் மூச்சு விட்டோம். மைக்செட் விடுவாரா? நன்றி அறிவிப்பு விழா!

அவருடைய கடையே பள்ளி மைதானத்துக்கு வந்துவிட்டது. சீரியல் பல்பு, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், மரத்துக்கு மரம் குழாய். அதிகாரி, அவர் மாமியார் இருவருக்கும் பொன்னாடை. இந்த முறை திருப்பி வாங்கவில்லை. நான் பேசும்போது மைக் கீச்சென்று அலறி என் அருமையான முன்னுரையைத் தின்றுவிட்டது. கடைசியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பாட மேடை ஏறினார்கள். டீச்சர் சுருதிப்பெட்டியைத் திறந்தார்.

சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. மைக் செத்துவிட்டது. பல்பு மட்டும் எரிகிறது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் வேண்டாத இடத்திலெல்லாம் அலறிய மைக், குழந்தைகள் பாடும்போதா மக்கர் பண்ண வேண்டும்? ஓடிப்போய் அவர் வலது காதில் கத்தினேன்.

"என்ன அண்ணா ஆச்சு?"

"நான்தான் சார் ஆஃப் பண்ணேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"மைக்ல வந்தா எனக்கு எல்லாம் ஒரே கொர்ர்னுதான் சார் கேக்குது. சும்மா பாடட்டும். எம் பொண்ணு பேசினா எனக்கு ஒண்ணும் விளங்காது சார், கொரலு அப்டி. டீச்சரு பாட்டு சொல்லிக் குடுத்தப்புறம்தான் வாயத் தொறந்துச்சு. இப்ப வூட்ல சோறு வேணும்னாக்கூட ராகம் போட்டுத்தான் கேக்குது. அதுதான் எனக்குக் கேக்குது. கிளாஸு நின்னுபோச்சுன்னா, அது மறுபடியும் பேச ஆரம்பிச்சுடும் சார்."

சொல்லிவிட்டு மேடைக்குப் போய், ஓரத்தில் நின்ற மகளுக்குப் பக்கத்தில் கீழே குந்தி உட்கார்ந்து, வலது காதைத் திருப்பிக் கையைக் குவித்து வைத்துக்கொண்டார். குழந்தைகள் பாட ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். நான் திரும்பி அவரை முறைத்து, "உஷ்! சத்தம் போடாதீங்க. எங்க மைக்செட் பாட்டு கேக்கறாரு" என்றேன்.