விண்மீனுக்கு வந்த கோபம்

தெற்கு வானத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய விண்மீன் உண்டு. வயதாகி, உடல் பருத்து, சூடு தணிந்ததால் வந்த நிறம் அது. அதைக் கோபம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் விண்மீன் சித்தர். இரண்டு மாதமாக, அந்தி சாய்ந்தால் போதும், அவருடைய மொட்டை மாடியில் ஊரே நின்று மூச்சு வாங்கியது. மூட்டுவலிக்குப் பரிகாரம் கேட்க வந்தவர்களும் மூன்று மாடி ஏறித்தான் வந்தார்கள்.

சித்தர் ஒரு நீண்ட குழாய் வழியே விண்மீனைப் பார்ப்பார். அது யார்மேல் சினந்திருக்கிறது என்று சொல்வார். சினம் தணியச் செம்புத் தகடு விற்பார். குழாயில் வேறு யாரும் கண் வைக்கக் கூடாது. வைத்தால் பார்வை போய்விடுமாம். அவருக்கு மட்டும் போகாது.

அன்று பேருந்து ஓட்டுநரின் மனைவி வந்தாள். கணவனுக்குப் பித்தப்பையில் கல். மறுநாள் காலை அறுவை சிகிச்சை. தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவளோ, சித்தர் சரி என்றால்தான் ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்து என்று பிடிவாதமாக இருந்தாள். பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் நாத்தனாரும், வேலை முடிந்த கையோடு, கடைப்பையுடன் உடன் வந்தாள்.

சித்தர் கண்ணை மூடி மந்திரம் முணுமுணுத்தார். அந்த இடைவெளியில் நாத்தனார் பையிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பா மூடியை எடுத்துக் குழாயின் மறுமுனையில் அழுத்தினாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

சித்தர் குழாயில் கண் வைத்தார்.

"நெருப்பா எரியுதும்மா. உன் வீட்டுக்காரர் மேல அவ்வளவு கோபம். கத்தி பட்டா உசுரு தங்காது. தகடு கட்டிட்டு மூணு மாசம் பொறு."

"நல்லாத் தெரியுதா சாமி?" என்றாள் நாத்தனார்.

"உன் மூஞ்சியைவிட நல்லாத் தெரியுது."

"முன்னாடி கொஞ்சம் எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். மூடி தெரிந்தது. தொழில் தெரிந்தவர் அல்லவா, உடனே சுதாரித்துக்கொண்டார்.

"ஞானக்கண்ணுக்கு மூடியெல்லாம் தடையில்ல."

"அப்ப இந்தக் குழாய் எதுக்கு?"

மாடியே சிரித்தது. ஓட்டுநரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"உன் பேச்சைக் கேட்டிருந்தா அவரு செத்திருப்பாரேடா," என்றாள். பிறகு நாத்தனாரிடம் பேனா கேட்டு, கையோடு கொண்டுவந்திருந்த ஆஸ்பத்திரித் தாளில் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் கல் வெளியே வந்தது. சில நாளில் ஓட்டுநரும் வீடு வந்தார். விண்மீன் அதே நிறத்தில்தான் இருக்கிறது. இன்று நம் கண்ணில் படும் அதன் ஒளி, அந்த ஓட்டுநர் பிறப்பதற்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டுவிட்டது. பிறக்காதவர்மேல் எப்படிக் கோபம் வரும் என்று கேட்க, பெரியோர்களே, பெரிய படிப்பு வேண்டியதில்லை. தோளுக்கு மேல் இருப்பதற்குக் கொஞ்சம் வேலை கொடுத்தால் போதும்.